எண்ணெய் விடாத குரல்

கலியூரிப்
3 ஜனவரி 1995

மாஸ் பேனோ,

மெஷினும் நானும் உடையாமல் வந்து சேர்ந்தோம். சார்ஜியோவின் முட்டைக்கோஸ் வண்டியில் மெஷினுக்கு முன்சீட்டு, எனக்குக் கூடைகளின் மேல் இடம். மலை ஏற ஏற மழை. அப்பா வாசலில் நின்று, "எத்தன நாளைக்கு?" என்று மட்டும் கேட்டார். "துணியெல்லாம் தைச்சு முடியற வரைக்கும்" என்றேன்.

நான் ஏன் வந்தேன் என்று உங்கள் அம்மா தெருவில் வேறு கதை சொல்லக்கூடும். அதனால் எழுத்திலேயே இருக்கட்டும். நோன்புப் பெருநாளுக்குப் பாதித் தெரு என்னிடம் துணி கொடுத்திருக்கிறது. உங்கள் பறவை அர்ஜுனாவின் கூண்டு கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து முன்னறையில் என் மெஷினுக்கு மேலேதான் தொங்குகிறது. அதில் எனக்கு வழக்கே இல்லை. இந்தத் தடவைதான் நீங்கள் எல்லை மீறினீர்கள். கூண்டை உறை போட்டு மூடி, பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து, எங்கோ இருக்கிற வேறொரு பறவையின் குரலை நாள் முழுக்க ஓடவிட்டீர்கள். பறவைப் பாட்டுப் போட்டிக்கு அவன் அதைக் கேட்டுப் பாடம் படிக்க வேண்டுமாம். அந்த உறையைக் குஞ்சம் வைத்துத் தைத்துக் கொடுத்த என்னையே பார்த்து, "போட்டி முடியற வரைக்கும் தைக்காத வுர். உன் மெஷின் கீச்சுக் கீச்சுனு கத்துது. அது அவன் காதுல ஏறிட்டா பறவையே வீண்" என்றீர்கள்.

கத்துகிறது, சரி. ஏன் கத்துகிறது? ஊர் சைக்கிளுக்கெல்லாம் எண்ணெய் விடுகிற கை உங்களுடையது. கடையில் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கிறீர்கள். "நாளைக்குக் கொண்டாறேன்" என்று இரண்டு வருஷமாகச் சொன்னீர்கள். இங்கே வந்த அன்றே பர்மான் அண்ணன் மெஷினைச் சாய்த்து வைத்து, பஞ்சையெல்லாம் துடைத்து எடுத்து, எண்ணெய் விட்டான். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இப்போது அது ஓடுவது எனக்கே கேட்பதில்லை.

ஆம்பளை என்றால் ஐந்து வேண்டும் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வீர்களே. வீடு, மனைவி, குதிரை, பறவை, இடுப்பில் கிரிஸ் கத்தி. குதிரைக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கத்தி உங்கள் தாத்தாவுடையது பெட்டியில் இருக்கிறது. இப்போதைக்கு நாலு போதும் உங்களுக்கு. நாலும் வாயைத் திறந்து பதில் பேசாது.

இங்கே அப்பாவின் காப்பித் தோட்டத்துக்குக் கீழே, ஓடைப் பள்ளத்து மண்கரையில் ஒரு ஜோடி சுலிங்கான் பறவை கூடு வைத்திருக்கிறது. நீங்கள் அர்ஜுனாவைப் பிடித்த அதே கரை. ஆண் மேலே நீலம், நெஞ்சு ஆரஞ்சு. பெண் வெறும் பழுப்பு. அதைப் பிடிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்கும்போது அந்த ஆண் காலையெல்லாம் குழல் ஊதுகிறான். அவனுக்கு யாரும் டேப் போட்டுக் காட்டவில்லை.

உங்கள் அம்மாவைத் தூது அனுப்ப வேண்டாம்.

வுர்யானி


பராக்கான்
9 ஜனவரி

வுர்,

முதலில் செய்தி. அர்ஜுனா ஜெயித்துவிட்டான்.

நேற்று சந்தைத் திடலில் போட்டி. வரிசையாகக் கூண்டுகளைக் கொக்கியில் மாட்டினோம். எல்லாம் சுலிங்கான். புகையிலைத் தரகர் குன்சோரோ புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், தங்கப் பூச்சுக் கூண்டில். பறவை அப்படி ஒன்றும் இல்லை. நடுவர்கள் கொடிகளை வைத்துக்கொண்டு கீழே நடக்கிறார்கள். அர்ஜுனா முதலில் வழக்கமான குழல். பிறகு ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டான். அப்புறம் ஆரம்பித்தான் பார். இழுத்து இழுத்து மூன்று, கீ, கீ, கீ என்று ஒன்றைவிட ஒன்று மேலே. உடனே ட்ர்ர்ர்ர் என்று ஒரே மூச்சில் நீள உருட்டல். கடைசியில் ஒரு டிங். கண்ணாடித் தம்ளரில் ஸ்பூன் பட்டதுபோல் சுத்தமாக, ஒரே ஒரு டிங். நடுவர்கள் மூன்று பேரும் என் கூண்டுக்குக் கீழேதான் கொடியை நட்டார்கள்.

டேப்பில் அப்படி ஒரு குரலே கிடையாது. நானும் இதுவரை கேட்டதில்லை. "இது எங்கேந்து வந்துது பேனோ?" என்று தலைமை நடுவரே கேட்டார். எனக்குச் சட்டென்று தோன்றியதைச் சொன்னேன். கலியூரிப் பள்ளத்துக் குரல், அங்கே பிறந்ததுக்கு ரத்தத்திலேயே ஊறியது, இத்தனை நாள் உள்ளே வைத்திருந்து இப்போது எடுத்துவிட்டான் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். உன் ஊருக்கு நான் எவ்வளவு பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன் பார். 29ஆம் தேதி மகலாங்கில் இறுதிப் போட்டி. அதையும் அவன் எடுப்பான், சந்தேகமே இல்லை.

வீடு அமைதியாக இருக்கிறது. பறவைக்கு நல்லது. சாப்பாடு துமிரா அக்கா கடையில். "பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டாளா?" என்று அவள் தினமும் கேட்கிறாள். தினமும் ஆமாம் என்கிறேன். நீ எப்போது வருவாய் என்று நான் கேட்கப்போவதில்லை. போனவளுக்கு வழி தெரியும்.

மிளகாய் அரைக்கிற கல்லை எங்கே வைத்தாய்?

பேனோ


கலியூரிப்
12 ஜனவரி

மாஸ் பேனோ,

கல் அடுப்புக்குக் கீழே இருக்கிறது. எப்போதும் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஊருக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த பேர் நேற்று இரண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியது. நாலு பேர். மரியாதையானவர்கள். "இது மாஸ் பேனோவோட மாமனார் தோட்டந்தானே?" என்று கேட்டார்கள். அப்பா மருமகனின் சிநேகிதர்கள் என்று நினைத்துத் தின்பண்டம் வைத்தார். மரவள்ளிக் கிழங்கு பொரித்துக் காப்பி போட்டது நான். குடித்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார்கள். பலாப்பால் பசை தடவிய குச்சிகளும் உறை போட்ட ஒரு கூண்டும் அவர்களிடம் இருந்தன. கூண்டுக்குள் ஒரு சுலிங்கான் பாடியது. தன் இடத்தில் எவனோ வந்து பாடுகிறானே என்று எங்கள் ஆண் கோபமாகப் பாய்ந்து வந்து பசையில் உட்கார்ந்துவிட்டான். மதியத்துக்குள் துணிப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாம் குன்சோரோவின் ஆட்கள். "அந்த டிங் இன்னும் வரல. சின்னப் பையன், பழகினா வந்துரும். இல்லாட்டி அடுத்ததப் பிடிப்போம்" என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது. போகும்போது அப்பாவின் கையைப் பிடித்து நன்றியும் சொன்னார்கள்.

பெண் மட்டும் கூட்டில் உட்கார்ந்திருக்கிறது. இரை தேடப் போனால் முட்டை குளிரும். உட்கார்ந்தால் பசிக்கும். பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் பொங்குகிறது.

நீங்கள் எழுதிய பாட்டை நான் வாய்விட்டுப் படித்தேன். கீ, கீ, கீ. அது நான் மிதியை முதலில் அழுத்தும்போது வருகிற சத்தம். ட்ர்ர்ர்ர் என்பது நீளத் தையல். பர்மான் அண்ணன் பக்கத்தில் இருந்தான். நான் படித்து முடிப்பதற்குள் அவன் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டான். மூன்று நடுவர்கள் கொடி நட்டது என் தையல் மெஷினுக்கு. உங்கள் பறவை உங்கள் டேப்பைத் தூக்கி எறிந்துவிட்டு என்னிடம் பாடம் படித்திருக்கிறது.

இந்தப் பள்ளத்தில் அப்படி ஒரு குரலே இல்லை என்று உங்கள் ஆட்கள் நடுவே நின்று நீங்கள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் டிங் கேட்கிறவரைக்கும் ஒவ்வொரு ஆணாகப் பிடித்துப் பார்ப்பார்கள். எந்தக் காலத்திலும் கேட்கப்போவதில்லை. ஓடைதான் ஊமையாகும்.

வுர்யானி


பராக்கான்
16 ஜனவரி

வுர்,

தையல் மெஷினா? சாம்பியன் பறவையின் குரலைப் போய்த் தையல் மெஷின் என்கிறாய். நீ போன கோபத்தில் எழுதுகிறாய் என்று புரிகிறது. உன் கடிதத்தைக் கியார்த்தோவிடம் காட்டினேன். ஊரிலேயே கூர்மையான காது அவனுக்குத்தான். முடி வெட்டிக்கொண்டே எந்தக் கூண்டில் எந்தப் பறவை என்று சொல்லிவிடுவான். அவன் சிரிக்கவில்லை. யோசித்தான். அவன் யோசித்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவனுடைய கால்சட்டை ஒன்றைச் சுருக்க வேண்டுமாம். உன்னிடம்தான் கொடுப்பேன் என்று அடம் பிடிக்கிறான். மலைக்கு வருவான். தைத்துக் கொடு.

ஒரு விஷயம். நீ சொல்வது ஒருவேளை உண்மையாக இருந்தாலும் 29ஆம் தேதி வரை யாரிடமும் சொல்லாதே. பூனை மாதிரிக் கத்துகிற பறவை, கோழி மாதிரிக் கொக்கரிக்கிற பறவை, வண்டி ஹாரன் அடிக்கிற பறவை, எல்லாம் கெட்டுப்போன பறவைகள் என்று வரிசையிலிருந்தே இறக்கிவிடுவார்கள். வீட்டுச் சத்தம் பாடினால் அவ்வளவுதான். பத்து வருஷமாக இந்தத் திடலில் நிற்கிறேன். முதல் தடவையாகத் தலைமை நடுவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். இந்த ஒரு தடவை முடிந்துவிடட்டும். அப்புறம் நானே சொல்கிறேன், பள்ளத்துக்கு யாரும் போகாதீர்கள் என்று.

உன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். கிழங்கு வீணாகிவிட்டதே.

பேனோ


கலியூரிப்
20 ஜனவரி

மாஸ் பேனோ,

மெஷின் இல்லை என்றால் நான் ஏன் வாயை மூட வேண்டும்? வாயை மூட வேண்டும் என்றால் அது மெஷின்தான். இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நான் சொன்னால் கோபித்துக்கொண்டு போனவளின் புலம்பல் ஆகிவிடும். உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் அது செய்தி.

முட்டைகள் போய்விட்டன. அணிலோ பாம்போ தெரியவில்லை. பெண் சுலிங்கான் கரையை விட்டுப் போகவில்லை. காலையில் அந்தத் தாழ்ந்த கிளையில் வந்து உட்கார்கிறது, கொஞ்சம் பூச்சி பிடிக்கிறது, மறுபடி வந்து உட்கார்கிறது. நேற்று வேறு இரண்டு பேர் குச்சியோடு வந்தார்கள். நானும் அண்ணியும் காப்பிக்கொட்டையைப் பாதை நிறையப் பாயில் பரப்பிக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிட்டோம். மழைக்காலத்தில் யார் பாதையில் கொட்டை காயவைப்பார்கள் என்று அவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. திரும்பிப் போய்விட்டார்கள். ஆனால் தினமும் நாங்கள் பாயில் உட்கார்ந்திருக்க முடியாது.

கியார்த்தோ வந்தார். கால்சட்டை அவருக்குச் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் கொஞ்சம் சுருக்கிக் கொடுத்தேன். இனி மூச்சு விடுவது கஷ்டம். நான் தைக்கும்போது தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எதையோ கேட்க வந்தவர் அது கிடைக்காத முகத்தோடு போனார். காப்பி இரண்டு தம்ளர் குடித்தார்.

வுர்யானி


பராக்கான்
23 ஜனவரி

வுர்,

கியார்த்தோ வந்து சொன்னான். "மெஷின் நிஜமாவே கத்தல. எண்ணெய் ஓடுது. கீ கீ போயிடுச்சு, சரி. ஆனா அந்த டிங்கும் இல்ல பேனோ. அது எண்ணெயில போற சத்தம் இல்லையே" என்றான். என் கூண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எழுந்து போய்விட்டான்.

அன்றைக்கெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மெஷினில் என்ன டிங் அடிக்கும்? ஊசியா, கத்தரிக்கோலா? கடையில் ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கையால் நிறுத்தினேன். அப்போதுதான் பிடிபட்டது. தையல் முடியும் இடத்தில் நீ சக்கரத்தை உள்ளங்கையால் நிறுத்துவாய். உன் விரலிலிருக்கும் கல்யாண மோதிரம் அந்த இரும்பில் படும். டிங். இரண்டு வருஷமாக ஒவ்வொரு தையல் முடிவிலும் அது அடித்திருக்கிறது. அர்ஜுனா கேட்டிருக்கிறான். நான் கேட்டதே இல்லை.

நீ எழுதிய கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கீ கீக்கு விளக்கம் எழுதியிருக்கிறாய். ட்ர்ர்ர்ருக்கு எழுதியிருக்கிறாய். டிங்குக்கு எழுதவில்லை. உனக்குத் தெரியாமல் இருக்காது.

வுர், மோதிரத்தைக் கழற்றிவிட்டாயா?

பேனோ


கலியூரிப்
26 ஜனவரி

மாஸ் பேனோ,

ஆமாம்.

பித்தான் டப்பாவில் இருக்கிறது. கோபத்தில் கழற்றி எறிந்தேன் என்று நினைக்காதீர்கள். என் கோபம் உங்களுக்குத் தெரியும். அது வாயில்தான் இருக்கும், கைக்குப் போகாது.

வந்த மறுநாள் காலை, பர்மான் எண்ணெய் விட்ட பிறகு, முதல் சட்டையைத் தைக்க உட்கார்ந்தேன். மெஷின் சத்தமே இல்லாமல் ஓடியது. சந்தோஷமாக இருந்தது. தோள்பட்டைத் தையல் முடிந்து சக்கரத்தை நிறுத்தினேன். டிங். உடனே என் கழுத்து தானாகத் திரும்பியது. கூண்டு எங்கே, நீங்கள் எங்கே, திட்டுவீர்களா என்று. நான் உட்கார்ந்திருந்தது என் அப்பா வீட்டில், என் ஜன்னலில். அங்கே உட்கார்ந்துகொண்டு என் கைச் சத்தத்துக்கு நானே பயப்படுகிறேன். இந்த மலையில் பிறந்த வுர்யானி எதற்கும் பயப்பட்டவள் இல்லை. எனக்கு என்னைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அன்றைக்குக் கழற்றினேன்.

அதனால் மோதிரத்தை வைத்து உங்களோடு பேரம் பேசவில்லை. நீங்கள் திடலில் பேசினால் போட்டுக்கொள்வேன், பேசாவிட்டால் மாட்டேன் என்றெல்லாம் கிடையாது. பறவைக்காகப் பேச வேண்டியதைப் பறவைக்காகப் பேசுங்கள். திரும்பிப் பார்க்காமல் சக்கரத்தை நிறுத்த முடிகிற நாளில் நான் போட்டுக்கொள்வேன். அது பராக்கானிலா கலியூரிப்பிலா என்பது எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி முடிந்த கையோடு வேன் பிடித்து வரப்போகிறார்களாம், குன்சோரோவும் மற்றவர்களும். சார்ஜியோதான் சொன்னான், வேன் அவனிடம் கேட்டிருக்கிறார்கள். மேல் ஓடை வரை போகப்போகிறார்களாம்.

புதன்கிழமை நோன்பு தொடங்குகிறது. துமிரா அக்காவிடம் விடியற்காலைச் சோற்றுக்குச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக எழுந்திருக்க மாட்டீர்கள்.

வுர்யானி


கலியூரிப் அடிவாரம், காப்பிக் கடை
31 ஜனவரி

வுர்,

கடைக்காரப் பையனின் பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள் இது. உன் அப்பா கீழே சந்தைக்கு வந்தார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் என்னைப் பார்த்ததும், "எத்தன நாளைக்கு?" என்றார். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதே கேள்வியா?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கூண்டை மாட்டினேன். உறையை எடுக்கவில்லை. மைக் வைத்திருந்தவரிடம் போய் வாங்கினேன். "என் பறவை பாடுறது கலியூரிப் பள்ளத்துக் குரல் இல்ல. அங்க எந்தப் பறவையும் இப்படிப் பாடாது. இது என் பொண்டாட்டியோட தையல் மெஷின். ரெண்டு வருஷமா நான் எண்ணெய் விடல. அவன் அதக் கேட்டுக் கத்துக்கிட்டான்" என்றேன்.

யாரும் நம்பவில்லை. போட்டியிலிருந்து நழுவப் பார்க்கிறான், பள்ளத்தைத் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்றார் குன்சோரோ. அப்போது கியார்த்தோ போய் உறையை எடுத்தான். அர்ஜுனா என்ன நினைத்தானோ, நேராக அதையே எடுத்தான். கீ, கீ, கீ, ட்ர்ர்ர்ர், டிங். வேலிக்கு அந்தப் பக்கம் சோயாத் தெம்பே பொரித்துக்கொண்டிருந்த அம்மாள், கரண்டியை நிறுத்திவிட்டு, "அட, எங்க வீட்டு மெஷினும் இதே மாதிரிதான் அழுவும்" என்றாள். அவ்வளவுதான். திடல் மொத்தமும் சிரித்தது. பக்கத்தில் வெற்றிலை விற்றவள்கூடச் சிரித்தாள். தலைமை நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சைக்கிள் கடை வச்சிருக்கியே பேனோ, எண்ணெய்க்குப் பஞ்சமா?" என்று மைக்கில் கேட்டார். நீ கேட்ட அதே கேள்வி, ஆனால் இந்தத் தடவை மகலாங் முழுக்கக் கேட்டது. கூண்டை வரிசையிலிருந்து இறக்கிவிட்டார்கள். பத்து வருஷம் ஒரு கொக்கியிலிருந்து இறங்கியது. அவமானமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் வெளியே வந்தபோது லேசாகவும் இருந்தது.

வேன் போகவில்லை. போக நேரம் எங்கே? அந்தக் குரல் கெட்ட குரல் என்று நடுவர்கள் இறக்கினார்களே தவிர, கேட்டவர்களுக்கு ஆசை விடவில்லை. நேற்றுக் காலை பராக்கானில் நடந்து வந்திருந்தால் நீ சிரித்திருப்பாய். தெருவுக்கு நாலு வீட்டில் பரணிலிருந்து மெஷினை இறக்குகிறார்கள். எண்ணெயைத் துடைக்கிறார்கள். கூண்டை மேலே மாட்டிவிட்டு, "கொஞ்சம் தையேன், கொஞ்சம் தையேன்" என்று பெண்டாட்டிகளைக் கெஞ்சுகிறார்கள். போன வாரம் வரை அதே பெண்களை மூச்சு விடாதே என்றவர்கள். துமிரா அக்கா புதுத் துணி வாங்கிக் கொடுத்தால்தான் மிதிப்பேன் என்று காலை மடக்கி உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வருஷம் நடுவர்களே விதியை மாற்றிவிடுவார்கள் என்கிறான் கியார்த்தோ.

குன்சோரோ நேற்றுக் கடைக்கு வந்தார். அர்ஜுனா வேண்டுமாம், தன் பறவைகளுக்கு வாத்தியாராக. என்ன கேட்டாலும் தருகிறேன் என்றார். நான் கேட்டது உன் பள்ளத்திலிருந்து அவர் ஆட்கள் பிடித்துக்கொண்டு போன ஆண் பறவையை. அவருக்கு நம்பவே முடியவில்லை. "அது டிங்கே அடிக்கலப்பா, சாதாரணக் காட்டுப் பறவை" என்றார். அதுதான் வேண்டும் என்றேன். கூண்டுக்குக் கூண்டு மாற்றிக்கொண்டோம். அர்ஜுனா போகும்போது குஞ்சம் வைத்த உறையையும் கொடுத்துவிட்டேன். தெரு முனை திரும்புகிறவரைக்கும் உள்ளேயிருந்து பாடிக்கொண்டே போனான். அழுதேன் வுர். நான் எண்ணெய் விடாத இரண்டு வருஷத்தையும் அவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இனி அதை என்னால் திருத்தவும் முடியாது, கேட்கவும் முடியாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். திடலில் ஒருவன், "கீச்சு சரி, அந்தக் கடைசி டிங் என்னது?" என்று கேட்டான். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

முன்னறையில் கூண்டு மாட்டுகிற கொக்கியைப் பிடுங்கிவிட்டேன். ஓட்டையில் சிமெண்டு பூசியாகிவிட்டது. ஜன்னலடியில் மெஷினுக்கு இடம் காலியாக இருக்கிறது. நீ வந்தாலும் அது உன் இடம், வராவிட்டாலும் அது உன் இடம்.

விடிந்ததும் உன் வீட்டு வளைவு வரைக்கும் ஏறி வந்தேன். காப்பிச் செடிகளுக்குப் பின்னால் நின்றேன். மெஷின் தண்ணீர் போல் ஓடுகிறது. பர்மான் நல்ல வேலை செய்திருக்கிறான். நீ சக்கரத்தை நிறுத்தினாய். டிங் இல்லை. இறங்கி வந்துவிட்டேன். அதை நீ எப்போது போட்டுக்கொள்வாய் என்று நான் கேட்கப்போவதில்லை. இந்தத் தடவை வீம்பில் சொல்லவில்லை.

பறவை என் பக்கத்தில்தான் இருக்கிறது. வெட்டுக்கிளி சாப்பிட்டது. ஓடைச் சத்தம் கேட்டதிலிருந்து கம்பியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நீ இல்லாமல் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

பேனோ


கலியூரிப்
31 ஜனவரி, மதியம்

மாஸ் பேனோ,

வளைவில் நின்றது நீங்கள்தான் என்று தெரியும். காப்பிச் செடிக்குப் பின்னால் சிவப்புச் சட்டையோடு ஒளிகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பெண் சுலிங்கான் இன்னும் அதே கிளையில்தான் இருக்கிறது. நேற்று அலகில் பாசி வைத்திருந்தது. யாருக்காகக் கட்டுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் விளங்கியது. கூண்டை மண்கரைக்கு எடுத்துப் போங்கள், அந்தக் கிளைக்கு எதிரே. எனக்காகக் காத்திருக்க வேண்டாம், அது ஏற்கெனவே ரொம்ப நாள் காத்திருந்துவிட்டது. திறந்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொள்ளுங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொள்கிறேன். அங்கிருந்து கரை முழுசாகத் தெரியும்.

அப்புறம் வீட்டுக்கு ஏறி வாருங்கள். மெதுவாக ஏறுங்கள், மழையில் பாதை வழுக்கும். இன்னும் மூன்று சட்டை பாக்கி இருக்கிறது. அதில் ஒன்றுக்கு நாலு ஓட்டைப் பித்தான் தேடி டப்பாவைக் கொட்டினேன். பித்தான் கிடைத்தது.

கதவைத் தட்ட வேண்டாம். வாசலில் நின்று, மெஷின் நிற்கிறவரைக்கும் கேளுங்கள். நின்றதும் உள்ளே வாருங்கள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

வுர்யானி